வர்கணிச் சீட்டும் வீட்டுரிமையும்

மும்பையின் குடியிருப்பைப் பற்றிப் பேச இரண்டு மராத்திச் சொற்கள் வேண்டும். முதலாவது ‘சாள்’. ஆங்கிலேயர் தம் வாய்க்கு ஏற்ப அதன் ஈற்று ளகரத்தை லகரமாக்கினர். இந்தியும் அவ்வழியே சென்றது. மராத்திக்கும் தமிழுக்கும் ளகரம் பொது என்பதால் தமிழில் அதைச் சாள் என்றே எழுதலாம். வரிசையாக அமைந்த ஒற்றை அறைகள், அவற்றை இணைக்கும் ஒரு நீண்ட நடை, நடையின் ஒரு புறத்தில் தளத்துக்கெல்லாம் பொதுவான கழிப்பிடம் என்பதே சாளின் அமைப்பு. நாட்டியம் ஆடுவோர் காலில் கட்டும் சலங்கைச் சரத்துக்கும் மராத்தியில் சாள் என்றே பெயர். ஒரு மணி அசைந்தால் சரம் முழுதும் ஒலிக்கும் என்பதைச் சாளில் குடியிருந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் ‘ஒண்டுக்குடித்தனம்’ என்பார்கள். அச்சொல்லுக்குள் பிறர் வீட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கூச்சம் ஒன்று உண்டு. சாள் என்ற சொல்லில் அது இல்லை. அங்கே எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு அறை, எல்லோருக்கும் அதே நடை, அதே தண்ணீர்க் குழாய். எவரும் எவரிடமும் ஒண்டியிருக்கவில்லை.

இரண்டாவது சொல் ‘வர்கணி’. ஒரு பொதுக்காரியத்துக்குப் பலர் சேர்ந்து கொடுக்கும் பணத்தை அது குறிக்கும். தென்மாவட்ட ஊர்களில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி தண்டுவதை அறிந்தவருக்கு வர்கணியின் பொருள் உடனே விளங்கும். தலைக்கட்டு வரி வெறும் பணம் அன்று. யாரிடம் வரி வாங்கினார்களோ அவர் ஊரார். யாரிடம் வாங்க மறுத்தார்களோ அவர் ஊருக்குப் புறத்தே நிற்பவர். மும்பைச் சாளின் வர்கணிப் பட்டியலும் அவ்வாறே, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இங்கே யார் குடியிருக்கிறார் என்ற கேள்விக்கு ஒரு விடையை எழுதி வந்திருக்கிறது. அவ்விடை வீட்டுரிமைச் சட்டம் எழுதும் விடையோடு எப்போதும் பொருந்துவதில்லை. சாள்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும் இக்காலத்தில் அந்த வேறுபாடு கவனத்துக்குரியது.

சாள்கள் பெருகியது ஆலைகளால். 1850களில் பருத்தி ஆலைகள் தோன்றியபின் இரத்தினகிரி, சாத்தாரா முதலிய மாவட்டங்களிலிருந்து ஆடவர் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தனர். பரேல், லால்பாக், வர்ளி, நாய்காவ் என்று விரிந்த அந்நிலப்பகுதிக்குக் ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர், என்று பெயர் வந்தது. 1896இல் பிளேக் பரவியபின் நெரிசலைக் குறைக்கவென 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைக்கப்பட்டது. பரேலில் அது கட்டிய சாள் ஒன்றில்தான் அம்பேத்கர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர், ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், 1920இல் பம்பாய் வளர்ச்சித்துறை தோன்றியது. நகருக்குள் வரும் பருத்திப் பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் வரி விதித்து 50,000 அறைகள் கட்டுவது அதன் திட்டம். கட்டி முடிந்தவை 207 சாள்கள். வர்ளியில் 121, நாய்காவில் 42, டிலைல் சாலையில் 32, சிவ்ரியில் 12. ஒரு சாளுக்கு நான்கு தளம், தளத்துக்கு இருபது அறை, அறைக்கு 160 சதுர அடி. பிடிடி சாள்கள் என்று இன்றும் வழங்குபவை இவையே. தொடக்கத்தில் குடிவர ஆள் இல்லாமல் பல காலியாகக் கிடந்தன. 1930களின் சட்டமறுப்பு இயக்கத்தின்போது வர்ளிச் சாள்கள் சில தற்காலிகச் சிறைகளாகவும் பயன்பட்டன.

அறை யார் பெயரில் இருந்தது என்பதும் அறையில் யார் உறங்கினார் என்பதும் முதலிலிருந்தே வெவ்வேறு செய்திகள். ஒரு கிராமத்து ஆட்கள் சேர்ந்து ஓர் அறையை எடுப்பர். பகல் வேலைக்குப் போனவன் விட்ட பாயில் இரவு வேலை முடித்தவன் படுப்பான். தனியாக வந்த ஆடவருக்குச் சமைத்துப்போட்டுப் பிழைத்த பெண்கள் இருந்தனர். அவர்கள் நடத்திய சாப்பாட்டு ஏற்பாட்டுக்குக் ‘கானாவள்’ என்று பெயர். இவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த வாடகை இரசீதிலும் ஏறவில்லை.

கூடுவதும் குடியிருப்பதும் ஒன்றாய் இருந்ததற்குத் தோபி தலாவ் பகுதியில் இன்றும் எஞ்சியிருக்கும் கோவாக்காரர்களின் ‘கூட்’ என்னும் விடுதிகள் தெளிவான சான்று. கோவாவின் ஒவ்வொரு கிராமத்தாரும் தமக்கென ஒரு கூட் வைத்திருந்தனர். கப்பலில் வேலை தேடி வந்தவர் குறைந்த கட்டணத்தில் அங்கே தங்கலாம். மாலையில் பீடத்தின் முன் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்ல வேண்டும் என்பது விடுதியின் விதி. ஊர்த் திருவிழாவுக்குப் போக முடியாதவர்கள் அத்திருவிழாவை அங்கேயே கொண்டாடினர். செபமாலைக்கு வருபவன் குடியிருப்பவன் என்ற கணக்கு அங்கே வெளிப்படையாக இருந்தது. சாள்களில் அதே கணக்கு எழுதப்படாமல் இருந்தது.

சாளின் தலையாய நிகழ்ச்சி கணபதி விழா. கிர்காவில் உள்ள கேசவ்ஜி நாயக் சாளில் 1893இல் பொதுவிழா தொடங்கியது. திலகர் 1901இல் அங்கே வந்து சென்றார். தேசிய இயக்க வரலாற்றில் இவ்விழா பெறும் இடம் பலரும் அறிந்ததே. குடியிருப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே இரசீதுப் புத்தகத்தோடு இளைஞர் இருவர் மூவர் அறை அறையாக ஏறி இறங்குவர். அறைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசப்பட்டிருக்கும். கொடுக்க இயலாதவர் இயன்றதைக் கொடுப்பர். பெயரும் தொகையும் எழுதிச் சீட்டுக் கிழிக்கப்படும். விழா முடிந்தபின் வரவுசெலவு எல்லோர் முன்னும் வாசிக்கப்படும் அல்லது பலகையில் ஒட்டப்படும். மின்விளக்குக்கு எவ்வளவு, பிரசாதத்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கேட்கும் உரிமை சீட்டு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. வாடகைக்கு இரசீது வாங்கிய ஒருவரும் வீட்டுக்காரரிடம் அப்படிக் கணக்குக் கேட்டதில்லை.

சீட்டு எழுதுகிறவன் அறையின் உரிமை ஆவணத்தைப் பார்ப்பதில்லை. கதவைத் தட்டும்போது உள்ளே யார் இருக்கிறாரோ அவர் பெயரை எழுதுகிறான். உள்வாடகைக்கு இருப்பவர், ஊர்க்காரர் அறையில் தங்கியிருப்பவர், கணவனை இழந்தபின் அவர் அறையில் தொடர்ந்து வாழ்பவர் என எல்லோரும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். வசிப்பதே அதற்குப் போதுமான தகுதி.

வர்கணி கொடுத்தவருக்கு உரிமை உண்டு என்ற இவ்வெளிய கருத்து எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதை 1920களில் தாதரில் நடந்த ஒரு சச்சரவு காட்டியது. பொதுக் கணபதி என்று சொல்லி எல்லோரிடமும் பணம் பெற்றவர்கள், தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களைச் சிலையை நெருங்கவும் பூசிக்கவும் விடவில்லை. பணம் பொது என்றால் பூசையும் பொதுவாக இருக்க வேண்டும் என்று பிரபோதன்கார் தாக்கரே கிளர்ந்தெழுந்தார்; அம்பேத்கரும் அவ்விவகாரத்தில் பங்கேற்றார். அங்கே எழுந்த வாதம் சாத்திரத்தைப் பற்றியதன்று. இரசீதைப் பற்றியது. கொடுத்தவன் கையில் இருந்த ஒரு துண்டுக் காகிதம், கோயில் நுழைவுப் போராட்டங்களுக்கு நிகரான ஒரு கோரிக்கைக்கு ஆதாரமாயிற்று.

அச்சச்சரவே வர்கணிப் பட்டியலின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. பட்டியல் எல்லோரையும் சேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே சிலரை வாசலில் நிறுத்த வல்லது. எந்தச் சாளில் எந்தச் சாதியார் என்பது பெரும்பாலும் முன்பே பிரிந்திருந்தது. 1974 சனவரியில் வர்ளி பிடிடி சாள்களில் தலித் பாந்தர்களின் கூட்டத்தைத் தொடர்ந்து மூண்ட கலவரம், ஒரே மைதானத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கிடையே இருந்த பிளவை வெளிப்படுத்தியது. அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் எந்தச் சாளின் முன் செல்லும், கணபதி ஊர்வலம் எந்தச் சாளின் முன் நிற்கும் என்பவை கிரண்காவில் எப்போதும் அரசியல் கேள்விகளாகவே இருந்தன. சாள் வாழ்வைச் சமத்துவத்தின் பொற்காலமாக வரைபவர்கள் இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

இத்தனைக்கும் பின்னரும் ஒன்று மறுக்க முடியாதது: கூடும் இடம் இருந்ததால்தான் அந்த வேறுபாடுகள் பேசப்பட்டன, எதிர்க்கப்பட்டன. 1944இல் தொடங்கிய லால் பாவ்டா கலாபதக் குழுவினரான அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோர் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளின் திறந்தவெளிகளில் பாடியும் நடித்தும் கூட்டம் சேர்த்தனர். தொழிலாளர் அரசியல் ஆலைக்குள் மட்டும் உருவாகவில்லை, தெருவிலும் அண்டை அயலிலும் உருவாயிற்று என்று வரலாற்றாசிரியர் ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் விரிவாக நிறுவியிருக்கிறார். நீரா அடார்க்கரும் மீனா மேனனும் தொகுத்த கிரண்காவின் வாய்மொழி வரலாறும் அதையே தொழிலாளர் குரலில் சொல்கிறது.

விழாவும் இடமும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு லால்பாகின் புகழ்பெற்ற கணபதியே சான்று. பேரு சாள் என்ற இடத்தில் நடந்த சந்தை 1932இல் மூடப்பட்டது. அங்கே கடை வைத்திருந்த மீனவரும் வியாபாரிகளும் நிலையான ஓர் இடம் கிடைத்தால் கணபதி வைப்பதாக நேர்ந்துகொண்டனர்; இடம் கிடைத்தது; 1934இல் விழா தொடங்கியது. இன்று பல மணிநேரம் வரிசையில் நிற்கும் மக்களுள் எத்தனை பேருக்கு அது ஒரு மனைக்கான நன்றிக்கடனாகத் தொடங்கியது என்பது தெரியும்!

அந்த லால்பாகுக்கு அருகே, தனியாருக்குச் சொந்தமான ஒரு சாளில், எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி வாழ்ந்து வந்தார். தளம் முழுவதும் அவரை ‘மாவ்ஷி’ என்றே அழைத்தது. தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் அச்சொல், சாளில் பிறந்த மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவருடைய பெயராகவே ஆகிவிட்டது. கொங்கணக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து, நெசவுப் பிரிவில் வேலை பார்த்த கணவருடன், 1970களின் நடுவில் அங்கே வந்தவர். அறை கணவர் பெயரில் இல்லை. ஊருக்குத் திரும்பிவிட்ட வேறொரு கிராமத்தவர் பெயரில் இருந்தது. அவர் பெயரிலேயே மாதந்தோறும் வாடகை கட்டப்பட்டது. அவர் பெயரிலேயே இரசீதும் வந்தது. இது அங்கே வழக்கமான ஏற்பாடு என்பதால் எவருக்கும் உறுத்தவில்லை.

1982 சனவரி 18 அன்று ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 இலட்சம் பேர் வெளியேறினர். பெரும்பாலோர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. அறைகள் பூட்டப்பட்டன, ஆட்கள் ஊர் திரும்பினர். மாவ்ஷியின் குடும்பம் தங்கிவிட்டது. அவர் வீடுகளில் வேலை செய்தார். இரவில் அப்பளம் இட்டார். அவ்வாண்டு அந்தச் சாளில் கணபதி வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. சிலை சிறிதாயிற்று; தொகை பேசப்படவில்லை; அரிசி கொடுத்தவருக்கும் சீட்டு எழுதப்பட்டது. அந்த ஆண்டின் சீட்டை அவர் மற்றச் சீட்டுகளோடு ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கணவர் இறந்தபின் சீட்டுகள் அவர் பெயரிலேயே எழுதப்பட்டன. சங்கராந்தியின்போது மணமான பெண்கள் கூடும் மஞ்சள்-குங்கும நிகழ்ச்சிக்குக் கைம்பெண்ணான அவரை அழைப்பதில்லை. வர்கணி வாங்க மட்டும் ஒருவரும் அவர் கதவைத் தாண்டிப் போனதில்லை. இரண்டையும் அவர் ஒரே குரலில், ஏறக்குறையச் சிரித்தபடி, சொல்லக்கூடியவர்.

சாளை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு வந்தபோது அறைக்குரியவர் யார் என்ற பட்டியல் கேட்கப்பட்டது. ஊரிலிருந்த பழைய வாடகைதாரரின் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அவர்கள் கையில் வாடகை இரசீதுகளில் உள்ள பெயர் இருந்தது. மாவ்ஷியின் கையில் நாற்பது ஆண்டு வர்கணிச் சீட்டுகள் இருந்தன. சரிபார்க்க வந்த அலுவலர் பெட்டியைத் திறந்து பார்த்தார்; இவை விழாச் சீட்டுகள் அல்லவா என்று மூடிவிட்டார். அவர் சொன்னது சட்டப்படி சரியே.

இங்கே சட்டத்தின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய குடியிருப்புகளின் வாடகையை 1940இன் அளவில் நிறுத்தியது. குடியிருப்போரைத் தெருவில் விடாமல் காத்த சட்டம் அது. ஆனால் வாடகை உயராததால் உரிமையாளர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர், கட்டடங்கள் சிதைந்தன. இடையே ‘பக்டி’ என்ற முறை வேரூன்றியது. தலைப்பாகை என்று பொருள்படும் அச்சொல் முன்பணத்தைக் குறிக்கலாயிற்று. பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து உள்ளே வருபவர் சிறுவாடகையில் இருப்பார். வெளியேறும்போது அறையை மற்றொருவருக்குக் கைமாற்றி, உரிமையாளருக்கு ஒரு பங்கு தருவார். 1999ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைச் சட்டம் அதற்கு ஏற்பு வழங்கியது. இவ்வாறு மும்பையில் வாடகைதாரர் என்பவர் பாதி உரிமையாளர் போன்றவர். அந்தப் பாதிக்குக் கீழே உள்வாடகைதாரர், ஊர்க்காரர், தங்கியிருப்பவர் என இன்னொரு படி உண்டு. மறுகட்டுமான விதிகள் அந்தப் படியை எட்டிப் பார்ப்பதில்லை.

மாவ்ஷியின் விவகாரம் முடிந்தது சட்டத்தால் அன்று. விழாக்குழுவினர், கணபதி வைக்கும் அதே முற்றத்தில், இரு தரப்பையும் உட்காரவைத்தனர். யார் எந்த ஆண்டில் வந்தார், எந்த வேலைநிறுத்தத்தின்போது யார் ஊருக்குப் போனார், யார் இருந்தார் என்று சொல்ல முப்பது பேர் இருந்தனர். இளமையில் இரசீதுப் புத்தகம் சுமந்தவர்கள் இப்போது கிழவர்களாகிச் சாட்சி சொன்னார்கள். வாடகைதாரரின் பிள்ளைகள் ஒரு தொகைக்கு இசைந்தனர். உரிமையாளரின் பங்கும் கொடுக்கப்பட்டது. கடன் வாங்கி மகன் கட்டினார். அறை மகன் பெயருக்கு மாறியது. வர்கணிப் பட்டியலில் இருபது ஆண்டுகள் இருந்த பெண் பெயர் வீட்டுப் பத்திரத்தில் ஏறவில்லை. ஆயினும் அவர் வெளியேற்றப்படவில்லை. சீட்டுகளுக்குச் சட்டமதிப்பு இல்லைதான். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சீட்டுகளை எழுதியவர்கள் அவரை அறிந்திருந்தார்கள்; அந்த அறிமுகமே அவருக்குச் சாட்சியாக வந்து நின்றது.

சாள் இடிபடுவதை அவர் எதிர்த்தார் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். முதலில் ஒப்புதல் கையெழுத்து இடச் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். மழைக்கால இரவில், மூட்டுவலியோடு, நடையின் கோடிவரை போய்க் கழிப்பிடக் கதவின் முன் காத்து நிற்பது என்ன என்பதைச் சாளின் சமூக வாழ்வைப் புகழ்ந்து எழுதுவோர் ஒரு வாரம் இருந்து பார்க்கலாம். பெண்களுக்கு அது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று, மானம் பற்றியது. ஒரே அறையில் மகனும் மருமகளும் பேரனும் இருக்க, உடை மாற்ற மறைப்பின்றி வாழ்ந்தவருக்குத் தனிக்கதவு ஆடம்பரம் அன்று. 160 சதுர அடிக்குப் பதிலாக 500 சதுர அடி என்ற பிடிடி மறுகட்டுமானத் திட்டத்துக்கு 2017இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் வர்ளியில் முதற்கட்டமாக 556 வீடுகளின் சாவிகள் வழங்கப்பட்டன. சாவியை வாங்கியவர்களின் கண்ணீரில் நூறாண்டு நெரிசலிலிருந்து விடுபட்ட மகிழ்ச்சி இருந்தது. அதை ஐயுற வெளியாருக்கு உரிமை இல்லை.

வீட்டின் பரப்பு மும்மடங்கு ஆகும்போது வேறொன்று கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது என்பதுதான் கவலை. மறுகட்டுமானத்தில் ஒவ்வொருவருக்கும் உரியது சுவருக்குட்பட்ட பரப்பாக அளக்கப்படுகிறது. நடை அதில் இல்லை, முற்றம் இல்லை, மாடிப்படியின் திருப்பத்தில் நான்கு பேர் நின்று பேசும் இடம் இல்லை. கிர்காவ் வாடிகளில் எதிரெதிரே உள்ள இரு சாள்களின் முன்நடைகளுக்கிடையே கயிறு கட்டித் தயிர்ப்பானை தொங்கவிடுவார்கள். கீழே இளைஞர் அடுக்கடுக்காக ஏற, மேலே எல்லாத் தளங்களிலிருந்தும் தண்ணீர் ஊற்றுவார்கள். பார்ப்பவரும் ஆடுபவரும் ஒரே கட்டடத்தவர். நாற்பது மாடிக் கட்டடத்தில் அக்கயிற்றைக் கட்ட இடம் இல்லை. அடித்தளத்தில் வாகனம் நிறுத்துமிடம் இருக்கும். அதன்மேல் ஒரு மண்டபம் இருக்கலாம். விழா நின்றுவிடாது. இன்னும் பெரிய சிலையும் இன்னும் பெரிய ஒலிபெருக்கியும் வரலாம். அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

அடுக்குமாடியில் கூட்டுறவுச் சங்கம் உண்டு. மகாராட்டிரக் கூட்டுறவுச் சட்டத்தின்படி வீட்டுக்குரியவரே அதன் உறுப்பினர்; வாடகைக்கு இருப்பவர் பெயரளவு உறுப்பினராகலாம், வாக்களிக்க முடியாது. பராமரிப்புத் தொகை கட்டத் திணறும் பழைய குடும்பங்கள் வீட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டு நகரின் விளிம்புக்குப் போகத் தொடங்கினால், சில ஆண்டுகளில் உள்ளே இருப்போருள் பலர் வாக்கில்லாதவர்கள் ஆவர். மறுபுறம், கட்சிக்காரர்களும் கட்டுமான நிறுவனங்களும் நன்கொடை தரும்போது அறைக்கு நூறு, இருநூறு என்று ஏறி இறங்க வேண்டிய தேவை விழாக்குழுவுக்கு இல்லை. பதாகையில் நன்கொடையாளரின் முகம் பெரிதாக வரும். சீட்டு எழுதப்படாத இடத்தில் கணக்கு வாசிப்பதும் இல்லை. விழா வளர, குடியிருப்பவர் அதில் பார்வையாளராகச் சுருங்குகிறார். இது அடுக்குமாடி வந்த பிறகு தொடங்கியதன்று. சாள்களிலேயே பல பத்தாண்டுகளாக நடந்து வருவது. அடுக்குமாடி அதை முழுமையாக்கும்.

தமிழருக்கு இச்செய்தி தொலைவில் நிகழ்வதன்று. கிரண்காவுக்கு வடக்கே, மாகிம் கழிமுகத்தை ஒட்டியிருக்கும் தாராவியில், தோல் பதனிடும் தொழிலோடு வந்த திருநெல்வேலிக் குடும்பங்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வாழ்கின்றன. தைப்பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் பெண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பது மும்பை அறிந்த காட்சி. அதே தாராவியின் மறுகட்டுமானத் திட்டத்தில், 2000 சனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் தாராவிக்கு வெளியே வேறு வகை ஏற்பாடு. ஒரே குடும்பத்தில் கீழே அண்ணனும் மேலே தம்பியும் இருந்தால் இருவரும் வெவ்வேறு வகையினர் ஆகிவிடுவர். பொங்கல் வரிசையில் அடுத்தடுத்து அடுப்பு வைக்கும் ஓரகத்திகளிடம் தரைத்தளமா மேல்தளமா என்று ஒருவரும் கேட்பதில்லை. திட்டப் பட்டியலோ அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

அரசு வர்கணிச் சீட்டுகளை ஆவணமாக ஏற்க வேண்டும் என்று சொல்வது எளிது. அதன் இடரும் எளிதில் தெரிவதே. சாதியாலும் மதத்தாலும் ஒதுக்கப்பட்டோர் பெயர் அப்பட்டியல்களில் இருக்காது. செல்வாக்குள்ளவர் நாளையே பழைய தேதியிட்டுச் சீட்டு அச்சடிப்பர். சீட்டின் மதிப்பு அதற்குச் சட்டமதிப்பு இல்லாததிலும் இருக்கிறது. கேட்கத்தக்கவை அதைவிடச் சிறியவை. குடியிருப்போர் கணக்கெடுப்பில் உரிமை ஆவணத்தோடு அண்டை அயலாரின் வாய்மொழிச் சாட்சிக்கும் ஓர் இடம் தரலாம். உரியவர் என்ற பட்டியலோடு, வசிப்பவர் என்ற பட்டியலும் தனியே எழுதப்படலாம். வீடு கிடைக்காதவர்களும் இருந்தார்கள் என்பதற்கேனும் அது ஆதாரமாகும். பொதுமண்டபத்தின் சாவி யாரிடம், வாடகைக்கு இருப்பவர் அதைக் கேட்கலாமா, ஏப்ரல் 14க்கும் கணபதிக்கும் ஈத் பெருநாளுக்கும் அது ஒரே விதியில் கிடைக்குமா என்பதைக் கட்டடம் எழும் முன்பே சங்கத்தின் விதிகளில் எழுதிவிடலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

மொழியியல் மாணவர்கள் ஒரு சொல்லின் பொருளை அது புழங்கும் இடத்தில் தேடப் பழகியவர்கள். ‘குடியிருப்பவர்’ என்ற சொல்லுக்கு அரசாணையில் ஒரு பொருள், கூட்டுறவுச் சங்க விதியில் ஒரு பொருள், இரசீதுப் புத்தகத்தோடு கதவைத் தட்டும் இளைஞனின் வாயில் ஒரு பொருள். முதலிரண்டும் அச்சில் இருப்பதால் ஆய்வேடுகளில் எளிதில் ஏறிவிடுகின்றன. மூன்றாவது பொருள் ஒவ்வோர் ஆண்டும் விழா முடிந்ததும் பழைய காகிதத்தோடு போய்விடுகிறது. இடிப்பு வண்டிகள் வருமுன் அந்த இரசீதுப் புத்தகங்களை யாரேனும் சென்று கேட்டு வாங்கி, படியெடுத்து வைத்தால் நல்லது. யார் எந்த நகரத்தில் வாழ்ந்தார்கள் என்பதை அவ்வளவு நெருங்கி நின்று எழுதிய பதிவேடுகள் அதிகம் இல்லை.